மடக்கி உழாத கழனி

“இந்த வாரத்துக்குள்ள மடக்கி உழலைன்னா ஊக்கத்தொகை கெடைக்காதும்மா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

சைக்கிளை வரப்போரம் நிறுத்தியபடியே சொன்னான் பிலவேந்திரன். கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களுக்கு அவன்தான் விவசாய ஆபீசர். தக்கைப்பூண்டு விதைத்து, அது பூக்கிற சமயத்தில் சேற்றோடு மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம்; உழுகிறவருக்கு அரசாங்கம் பணமும் தரும். பணம் வருகிறது என்றால் யாருக்குக் கசக்கும்? ஊரில் எல்லோரும் உழுதாகிவிட்டது. செவ்வந்தியின் கழனி மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, மஞ்சளாகப் பூத்து நின்றது.

“உழலாம் சார். இன்னா அவசரம்?” என்றாள் செவ்வந்தி. பேச்சுதான் அவனோடு. பார்வை மலைமேல் இருந்தது.

“பூ முத்திட்டா தண்டு வெறகு மாதிரி ஆயிடும். மக்காது. பணமும் போயி உரமும் போயிடும்.”

“போனா போவுது சார்.”

“வக்கீலுக்குக் குடுக்கக் கையில காசு இல்லன்னு நீதானே சொன்னே?”

அவள் மறுபடியும் மலையைப் பார்த்தாள்.

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் மரத்தை வெட்டிப் போட்டதாக அவள் புருஷன் வீரமுத்துமேல் வழக்கு. விதைத்த ஈரம் காய்வதற்குள் மனுஷன் தலைமறைவாகிவிட்டான். அவனைத் தேடி வந்த போலீஸ் பள்ளிக்கூடத்திலேயே டேரா போட்டுவிட்டது. பொழுது சாய்ந்தால் இரண்டு பேர் செவ்வந்தி வீடு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகிப் போனது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண், கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிடந்தாள்.

“உழுறதுக்கு உனக்கு ஆசை இல்லையாம்மா?”

“ஆசை இல்லாமயா சார்?” சட்டென்று அவள் கண் கலங்கிவிட்டது. “இத்த எப்ப உழுவோம், எப்ப உழுவோம்னு நெனச்சிக்கினுதான் கெடக்கறேன். தூங்கினாலும் அதே நெனப்பு. என்னால முடியலையே சார்.”

ஏக்கம் என்றால் என்னவென்று பிலவேந்திரனுக்கும் தெரியும். திருநாவலூரில் தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போன மனைவி லூசிக்குக் குழந்தை பிறந்தபோது ரோடெல்லாம் மரம், பஸ் இல்லை. பஸ் ஓடத் தொடங்கிய பிறகு லீவு இல்லை. பெற்ற பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்காமல் இருந்தான்.

நேரே பக்கத்துக் கழனித் தங்கதுரையிடம் போனான்.

“ஏர் புடிக்க ஆளில்லாம அந்தப் பொண்ணு தவிக்குதுங்க. வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்படுது.”

தங்கதுரை தலையில் அடித்துக்கொண்டார். “எங்களுக்கு இல்ல சார் தோணியிருக்கணும்? சாவு வூடோ ஜெயிலுக்குப் போன வூடோ, ஆம்பள இல்லாத வூட்டுக் கழனிய ஊரே சேந்து உழுதுதான் எங்களுக்குப் பழக்கம். அதுவும் இவன் ஊருக்காவப் போனவன். நாளைக்குச் செவ்வந்தி வக்கீலப் பாக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போவுது. திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிடறோம் சார்.”

“சொல்லாமயா?”

“சொன்னா வாணாம்னும் சார். ரோஷக்காரி.”

மறுநாள் விடிந்ததும் வாய்க்காலைத் திருப்பித் தண்ணீர் கட்டினார்கள். வீட்டுக்கு ஓர் ஏராக வந்து இறங்கியது. கூலி என்ற பேச்சே இல்லை. தங்கதுரை வீட்டிலிருந்து எல்லோருக்கும் கூழும் ஊறுகாயும் வந்தது. பிலவேந்திரனும் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கி, சேற்றுக்கு வெளியே தலை நீட்டிய தழையையெல்லாம் மிதித்து உள்ளே தள்ளினான். உச்சி வெயிலுக்குள் ஒரு பூ பாக்கி இல்லை. கழனி முழுக்கக் கறுப்பாகச் சேறு பளபளத்தது. அவனுக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அந்தப் பெண் சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்று சாயங்கால பஸ்ஸுக்காகக் காத்திருந்தான்.

செவ்வந்தி வாட்டமாகத்தான் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

“வக்கீல் இன்னாம்மா சொன்னாரு?”

“ஜாமீனுக்கு இன்னும் நாளாவுமாம் சார். அதுவரைக்கும் போலீஸ் கண்ணுல பட வாணாம்னாரு.”

“கவலைய விடு. வந்து பாரு, உனக்கு ஒரு நல்ல சேதி.”

புளியமரத்துத் திருப்பம் தாண்டியதும் அவள் கால் நின்றுவிட்டது.

“ஊரே சேந்து உழுது குடுத்துட்டாங்கம்மா. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். பணம் வந்துடும்.”

“யாரு சார் உழச் சொன்னது?”

“நான்தாம்மா.”

அவள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினாள். வழக்கம்போல இரண்டு போலீஸ்காரர்கள் டீயைக் குடித்துவிட்டு அவள் வீட்டுப் பக்கமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“பயிரு நிக்கிற வரைக்கும் ஊருல போலீஸ் இருக்குதுன்னு அர்த்தம், உழுது சேறு தெரிஞ்சாத்தான் எறங்கி வரணும்னு சொல்லித்தான் சார் அவர மலைக்கு அனுப்பிச்சேன்.”

பிலவேந்திரன் பதறிப்போய் நிமிர்ந்தான். மலைப்பாதையில் ஓர் ஆள், வீட்டைப் பார்க்கிற ஆசையில், ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்துகொண்டிருந்தான்.