மாமூத்தின் பல்

"மொத்தக் கூட்டமும் அங்கதான் ஆர்டிஸ். ஒரு எட்டு வந்து பாரேன்."

"குழாய்க்குள்ள புகையச் சுத்த விட்டா அது சூறாவளியா? எங்க வீட்டுக் கெட்டிலும்தான் புகை விடுது, போய்ப் பாரு வெர்னன்."

காவலாளி வெர்னன் சிரித்துக்கொண்டே, இன்று காலை திறந்த அறிவியல் கூடத்துக்குத் திரும்பிப் போகிறான். நெப்ராஸ்காவின் இந்தச் சிறிய அருங்காட்சியகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தான் காத்துவரும் மாமூத் என்ற பழங்கால யானையின் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் ஆர்டிஸ் தனியாக நிற்கிறாள். சுவருக்கு அப்பால் ஏதோ மணி அடிக்கிறது, குழந்தைகள் கத்துகிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலே புதுக் கூடத்தின் பொறுப்பாளர் கோரினின் சிரிப்பு கேட்கிறது. 'எல்லாத்தையும் தொடுங்க' என்று கோரினின் சட்டை முதுகில் அச்சடித்திருக்கிறது. குழாய்ச் சூறாவளியின் நீல ஒளி வாசல் வழியாகத் தரையில் நெளிந்து மாமூத்தின் கால்வரை வருகிறது. ஆர்டிஸ் அதை மிதிக்கிறாள். அது அவள் காலணிமேல் ஏறி நெளிகிறது. வழி தவறிய ஒரு சிறுமி உள்ளே ஓடி வந்து நிற்கிறாள். கையை வைக்காதே என்றே சொல்லிப் பழகிய வாயை ஆர்டிஸ் இறுக மூடிக்கொள்கிறாள். தடுப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றுகிறாள். மாமூத்தின் காலடியில் தனியாக வைத்திருக்கும், ஒரு முழு ரொட்டி அளவுள்ள அதன் கடைவாய்ப் பல் மங்கலாக மின்னுகிறது. சிறுமியின் முகமோ நீல ஒளிப் பக்கம் திரும்பியிருக்கிறது.

"கண்ணு, இதை ஒரே ஒரு தடவை தொட்டுப் பாக்குறியா?"