நாலு மூலை மஞ்சள்

போன் அடித்தபோது அவள் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நாலு மூலைக்கும் ஒரு பொட்டு.

வீட்டுக்காரருடைய போன். அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

புறங்கையால் தள்ளி ஸ்பீக்கரில் போட்டாள்.

ஒரு பெண் குரல். ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவாம். போன ஆடியில் இரைப்பைப் புற்றுக்கு ஆபரேஷன் பண்ணியவர்களைப் பற்றி விசாரிக்கிறார்களாம். சுலோச்சனா என்கிற நோயாளியின் வீடுதானே?

ஆமாம், அவங்க வீடுதான் என்றாள் சுலோச்சனா.

"அவங்க இறந்த தேதி வேணுங்க."

இருக்கிறாளா என்றுகூடக் கேட்கவில்லை. நேரே தேதி.

அவள் போன் பக்கம் குனிந்தாள். ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றாள்.

வீட்டில் வேறு யாரோ என்று நினைத்து அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். வெட்டியெடுத்த கட்டியில் ஏதோ ஒரு புரதம் அதிகமாம். அது அதிகம் இருப்பவர்களில் பாதிப்பேர் ஒரு வருஷம் தாண்டுவதில்லையாம். அவங்க வீட்டுக்காரரிடம் அப்போதே சொல்லியாயிற்றாம்.

"ஆனா அது மொத்தமாப் போட்ட கணக்குங்க. தனியா ஒருத்தருக்கு நாள் குறிச்சது இல்ல."

வீட்டுக்காரரிடம்.

வயிறு யாருடையது? மிச்சமிருக்கிற வயிற்றை வைத்துக்கொண்டு, அரை இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்று உயிரை இழுத்துப் பிடித்தது யார்? சேதி மட்டும் அவருக்கு.

இப்போது எல்லாம் விளங்கியது. நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் தாரணியைப் பாதியில் கூட்டிவந்தது. அவள் அழ அழப் பூ வைத்தது. படிப்பு முடியட்டுமே என்று இவள் கெஞ்சியபோது, மாப்பிள்ளை வீட்டில் அவசரப்படுகிறார்கள் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னது.

மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன அவசரம்? சாவு விழுந்தால் வருஷத்துக்கு நல்ல காரியம் பண்ண முடியாது. அதற்குள் முடித்துவிட வேண்டும். மேடையில் நிற்க ஒரு அம்மாவும் வேண்டும்.

அடப்பாவி மனுஷா. கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதத்தை நம்பினாய். பெண்டாட்டியை நம்பவில்லையே.

"மேடம், அந்தத் தேதி..." என்றது போன்.

"தேதி இல்ல. நான்தான் சுலோச்சனா."

 அந்தப் பெண் மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க என்று நாலைந்து தரம் சொன்னாள். அவள்மேல் கோபம் நிற்கவில்லை. அடுத்த வருஷமும் கூப்பிடச் சொல்லிவிட்டுச் சுலோச்சனா போனை வைத்தாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். போனில் யார் என்றார்.

"நான் செத்த தேதி கேட்டாங்க. உங்களுக்குத்தான் தெரியுமாமே."

துண்டு தலையிலேயே நின்றது.  

மஞ்சள் வைக்காத பத்திரிகை இன்னும் ஒரு கட்டு கிடந்தது.

அவள் எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்ததையும் விடாமல் தேய்த்தாள்.

பிறகு தாரணியைக் கூப்பிட்டு, பரணில் கிடக்கும் ஹாஸ்டல் பெட்டியை இறக்கச் சொன்னாள்.