படகுக்கு ஒரு ரேடியோ

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற மார்செல், மனைவி பொலெத்தோடு மறுபடியும் தணிகாசலத்தின் ரேடியோ கடைக்கு வந்திருந்தார். தன் பாய்மரப் படகின் கேபினில் வைக்க அவருக்கு ஒரு பேட்டரி ரேடியோ வேண்டும்.

“இது நல்லாப் பாடுது” என்றார் மார்செல்.

“பெருசா இருக்கு. கேபினுக்குள்ள நுழையாது” என்றார் பொலெத்.

தணிகாசலம் சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தான்.

“உப்புக் காத்துல துருப் புடிச்சிடும்” என்றார் பொலெத்.

இந்த அம்மா கூட வந்தால் வியாபாரம் நடந்த மாதிரிதான். மார்செல் அடுத்த ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தபோது, தணிகாசலம் பொலெத்தை ஓரமாக அழைத்தான்.

“மதாம், முசே ஆசைப்படுறாரு. வாங்கிக் குடுத்துடுங்களேன்.”

“படகுக்கு இது ஒண்ணுதான் பாக்கி. வாங்கிட்டா நேரா படகுக்குக் கிளம்பிடுவாரு.” பொலெத்தின் குரல் இறங்கியது. “அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அடிச்ச புயல்ல, அரியாங்குப்பம் ஆத்துல கட்டியிருந்த படகு சுக்குநூறாப் போயிடுச்சு. நெஞ்சு தாங்காதுன்னு இன்னும் சொல்லலை.”

“தணிகாசலம், இதை எடுத்துக்கட்டுமா?” மார்செல் ஒரு ரேடியோவை நெஞ்சோடு அணைத்தபடி சிரித்தார்.

கடையிலேயே நல்ல செட் அது.

“வேணாம் முசே” என்றான் தணிகாசலம். “அது உப்புக் காத்துக்கு ஆகாது.”