நாலு விரல் சிவப்பு

நிரோஜா சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பாணைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனாள். கொண்டுபோன வேகத்திலேயே அதைத் திரும்பவும் தாளில் சுற்றி வைத்தாள்.

கையில் மண்ணெண்ணெய் நாற்றம். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் போகவில்லை.

வற்றாப்பளைக்குப் போகிற வழியில், இறால் பிடிபடுகிற களப்பை ஒட்டினாற்போல் எட்டு ஏக்கர். உல்லாசப் பயணிகளுக்கென்று ஒரு கம்பனி அதில் பூங்கா அமைக்கப்போகிறது. படம் கீறுவதற்கு முன் காணியில் உள்ளதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்: எந்த மரம், அதன் சுற்றளவு என்ன, எந்தப் பக்கம் பள்ளம், மழைத்தண்ணீர் எதால் ஓடுகிறது, ஆட்கள் எதால் நடக்கிறார்கள்.

எழுதுகிறவள் நிரோஜா. எழுதச் சொல்கிறவர், பூங்காவை வரைவதற்குக் கொழும்பிலிருந்து வந்த ஜெயந்தன்.

மரம் நாற்பத்தொன்று. அதில் பாலை ஒன்பது. கிணறு ஒன்று, தூர்ந்தது. எல்லாம் சரியாக எழுதியாயிற்று.

பதினேழாம் கேள்வியில் பேனை நின்றது. 'காணிக்குள்ளால் ஒற்றையடிப் பாதை உண்டா? பாவனையில் உள்ளதா?'

ஆட்கள் நடக்கிற பாதையென்றால் பூங்காவுக்குள்ளும் சனத்துக்குப் பாதை விட வேண்டும். இல்லையென்றால் மதிலைக் கட்டிவிடலாம்.

"இல்லையெண்டு போடும்," என்றார் ஜெயந்தன். வாய்க்குள் வடை. "பாரும், முழங்கால் உயரத்துக்குப் புல்லு. மூண்டு கிழமையா ஒரு ஈ காக்கை வரேல்லை. உங்கட சனம் பொலிசுக்கும் இப்பிடிப் பயப்பிடாது. அதுகளை நிப்பாட்ட ஒரு சிவப்புக் கட்டை காணும்!"

சிரித்தபோது வடைத் துகள் ஒன்று படிவத்தில் தெறித்தது. நிரோஜா அதை விரலால் தட்டவில்லை. பேனை நுனியால் தள்ளிவிட்டாள்.

பாதையோரம் பன்னிரண்டு கட்டைகள் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் நாலு விரல் அளவுக்குச் சிவப்பு. காணி அளப்பதற்காகக் கம்பனி நட்ட வெறும் கட்டைகள்தான். ஆனால் வன்னியில் சிவப்புத் தலைக் கட்டைக்கு ஒரே அர்த்தம். அதற்கு அப்பால் மிதிவெடி.

அதை நிரோஜாவுக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆறு வருடம் மிதிவெடி அகற்றியவள். இதே காணியை முழங்காலில் நின்று சாண் சாணாகத் துப்புரவாக்கியவள். காணியைக் கையளித்த அன்று, வழக்கப்படி, ஊர்ச்சனம் பார்க்க வெறுங்காலோடு களப்புவரை நடந்து காட்டியவளும் அவள்தான். அவளுக்குப் பின்னால் முதல் ஆளாக நடந்து வந்தவர் இறால் விற்கிற புனிதம்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பாதையே விழுந்தது.

அந்தப் புனிதம் இப்போது ரோட்டால் வந்துகொண்டிருந்தார். தலையில் இறால் கூடை. பாதையால் வந்தால் பத்து நிமிடம், ரோட்டால் சுற்றினால் ஒரு மணித்தியாலம். கூடை மணக்கத் தொடங்கியிருந்தது.

நிரோஜாவைக் கண்டதும் அவர் கட்டைக்கு வெளியே நின்றுவிட்டார்.

"எடி பிள்ளை, உள்ளுக்கையோ நிக்கிறாய்? பார்த்துக் காலை வை. நீ துப்புரவாக்கின காணிக்கையே இன்னும் கிடக்காம். அந்தாள் குடுக்கிற சம்பளம் ஒரு காலுக்குக் காணாது, கண்டியோ!"

நிரோஜா படிவத்தைக் கீழே வைத்தாள்.

"ஒண்டுமில்லையக்கா. இஞ்ச பாருங்கோ."

செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதையில் இறங்கினாள். இருபது அடி போய்த் திரும்பி நடந்து வந்தாள். புல் காலை அறுத்தது.

புனிதம் அசையவில்லை.

"அண்டைக்கும் உப்பிடித்தானே நடந்து காட்டினனீ," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

ஜெயந்தன் கைபேசியை எடுத்து, ஆளில்லாத பக்கமாகப் பார்த்துப் பாதையைப் படம் பிடித்தார்.

நிரோஜா பாதைக்குள் நின்றபடியே, ரோட்டுப் பக்கத்து முதல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"தொடாதையடி!"

கூடை விழுந்தது. புனிதம் ரோட்டில் குப்புற விழுந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். இறால் தார் ரோட்டில் சிதறிக் கிடந்தது. ஜெயந்தனுக்குச் சிரிப்பு. அதை அவர் அடக்கவும் இல்லை.

கட்டை வந்தது. நுனியில் ஈரமண். வேறொன்றுமில்லை.

புனிதம் தலையை நிமிர்த்தினார். எழும்பினார். ஓடிவந்து நிரோஜாவின் கைகளைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தடவி எண்ணினார். பத்தும் இருந்தன.

பத்தாவது விரலில் அவர் கண் நின்றது.

"இதென்னடி, நகக்கண் முழுக்கச் சிவப்பு?"

கட்டை நட்ட அன்று, "தெரியிற மாதிரி ஏதாவது பூசும்," என்று மட்டும்தான் ஜெயந்தன் சொல்லியிருந்தார். பெயின்ற் பேணிகளுக்குள் சிவப்பைத் தேடி எடுத்ததும், தலையில் நாலு விரல் வைத்து அளந்ததும் அவளுடைய கை.

"நான்தானக்கா பூசினது," என்றாள் நிரோஜா. "ஆறு வருசப் பழக்கம். யோசிக்காமல் பூசிப்போட்டன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். புனிதம் நம்பியிருப்பார்.

"அது முதல்தரம். மாடு உரஞ்சிப் பெயின்ற் உரிஞ்சு போச்செண்டு நேற்றுத் திரும்பப் பூசச் சொன்னவர். நேற்று, தெரிஞ்சுகொண்டு பூசினனான்."

புனிதம் கையை விட்டார்.

பிறகுதான் குனிந்து, தான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தார். முழங்கால் உயரப் புல். பாதையின் நடு.