வராந்தா நடுவில் ஒரு நாற்காலி

“சார், மூணாவது மாடி பெருக்குற அம்மாவை வேற இடத்துக்கு மாத்துங்க. மூணு நாளா வராந்தா நடுவுல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் பேச்சு வேற.”

“எழுதிக் கொடும்மா” என்றார் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்.

எழுதிக் கொடுத்தாள் ஆராய்ச்சி மாணவி. அந்த அம்மா கீழ்த்தளத்துக்குப் போனார்.

அவளுக்கு எரிச்சல் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. உலோகத் தூளை உருக்காமல், துப்பாக்கிக் குண்டு வேகத்தில் பீய்ச்சினால் இன்னொரு உலோகத்தில் அப்பிக்கொள்ளும். மோதிய இடத்தில் அணுக்கள் எப்படி நசுங்கி இடம் மாறுகின்றன என்பதை அவள் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் பிடிக்க வேண்டும். வெளியே ஆள் நடந்தாலே படம் ஆடிவிடும்.

இரண்டு மாதமாக ஒரு படமும் தேறவில்லை. இந்த மூன்று நாளாகத்தான் அணுக்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. கை பழகிவிட்டது என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

மறுநாள், மைக்ராஸ்கோப்பில் அவளுக்கு ஒதுக்கிய கடைசி நாள். இன்னும் நாலு படம் பாக்கி. விட்டால் அடுத்த முறை ஆறு மாதம் கழித்துத்தான்.

காலையிலிருந்தே படம் பேயாட்டம் ஆடியது. பழகிய கை ஒன்றும் கிழிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு மணிக்கு, யாரோ அதட்டினாற்போல் எல்லாம் அடங்கியது. மளமளவென்று மூன்று படம் எடுத்துவிட்டாள். என்ன மாயம் என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

வராந்தா நடுவில் அந்த அம்மா. சாமான் வண்டி தள்ளிவந்தவரிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

“உள்ள பொண்ணு படம் எடுக்குது. அந்தப் பக்கமா சுத்திப் போங்கண்ணே.”

மாணவியின் முகத்தில் ஈயாடவில்லை.

“அம்மா... மூணு நாளா இதுக்கா உட்கார்ந்திருந்தீங்க?”

“அன்னிக்கு நீதானே கண்ணு அழுதுக்கிட்டே போன்ல யார்கிட்டயோ சொன்னே, ஆள் நடந்தா படம் ஆடுதுன்னு? விடியறதுக்குள்ள வந்து பெருக்கி முடிச்சுட்டு இங்க உட்கார்ந்துக்குவேன்.”

“உங்களைக் கீழ மாத்திட்டாங்களே...”

“ஆமா. எந்தப் புண்ணியவதியோ எழுதிக் கொடுத்துட்டா.”

“அம்மா, அது வந்து...”

“அது கிடக்கட்டும், விடு. இப்ப என் சாப்பாட்டு நேரம், ஒருத்தரும் கேட்க முடியாது. ரெண்டு மணி வரைக்கும் யாரையும் விடமாட்டேன். நீ போய் மீதியை எடு.”