அழுத்தினால் விரியும் நிப்பு

உள் அறையில் விழுந்த அடியில் ரைட்டரின் மேஜை குலுங்கி, மைப்புட்டி தளும்பியது.

"சனியனே" என்றார். திட்டியது புட்டியைத்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுக்க அவர் தலையில். காலையில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வார். எழுதி எழுதி வலது நடுவிரலில் காய்ப்பு ஏறிப்போன மனுஷன். பால்பாயின்ட் பேனாவைக் கையில் கொடுத்தால் அவருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது மேஜைமேல் மூன்று மைப்பேனாக்கள் கிடந்தன. மூன்றும் மலிவு. எழுதிப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைச் சாயங்காலம் கொடுத்துவிடுங்கள் என்று கடைக்காரர் நம்பிக் கொடுத்திருந்தார். மூன்றிலும் அழுத்தினால் விரிகிற நிப்பு. கீழே இழுக்கும்போது அழுத்தினால் கோடு தடிக்கும். மேலே ஏறும்போது விரலைத் தளர்த்தினால் மயிரிழையாக மெலியும்.

கறுப்புப் பேனா வளைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. சிவப்பு வளைந்தது, ஆனால் பாதியில் மை வற்றிக் கோட்டுக்கு நடுவே வெள்ளை விழுந்தது. பச்சை மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. தொட்டாலே எழுதியது.

ஆனால் ஸ்டேஷன் தாளோ படுமட்டம். மை ஊறிப் பரவுமே, தினசரி எழுத்துக்கு இது தாங்குமா? வீடு வாங்குகிறவன்கூட இத்தனை யோசித்திருக்க மாட்டான்.

உள்ளே அலறல். ரைட்டர் பச்சைப் பேனாவால் ஒரு 'ழ' போட்டுப் பார்த்தார். அடடா, சுழி என்ன அழகாக இறங்குகிறது!

அலறியது ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மில் முதலாளியை வெட்டியது நான்தான் என்று ரைட்டர் எழுதி வைத்திருந்த தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் தூக்கு. போடாவிட்டால் அடி. வெட்டியவன் பெரிய இடத்துப் பிள்ளை என்பது ஸ்டேஷனில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அடிப்பதிலும் அங்கே ஒரு ஒழுங்கு இருந்தது. எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம், வலது கையில் மட்டும் நகக்கீறல்கூட விழக் கூடாது. கையெழுத்துப் போட வேண்டிய கை. இடது கை அப்படியில்லை. அதைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்துவார்கள்.

சாத்தினார்கள். முறுக்கு நொறுங்குவது போல ஒரு சத்தம். மறுபடியும் திறந்து, மறுபடியும் சாத்தினார்கள்.

வாத்தியாரை இழுத்து வந்து ரைட்டருக்கு எதிரே நாற்காலியில் போட்டபோது, பல் இருந்த இடத்தில் ரத்தம் கொப்பளித்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இடது கை விரல்கள் திசைக்கு ஒன்றாகத் திரும்பியிருந்தன. வலது கை மட்டும் யாருடையதோ போல, அலுங்காமல் குலுங்காமல் மடிமேல் கிடந்தது.

"போடறேன்" என்றார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஏட்டு பால்பாயின்டை நீட்டினார். ரைட்டர் அதைத் தள்ளிவிட்டுப் பச்சைப் பேனாவைக் கொடுத்தார். இன்னொருத்தர் கையில் அது எப்படி எழுதுகிறது என்று பார்க்க ஆசை. சீ, இப்படியும் ஒரு ஆசை!

வாத்தியார் வலது கையால் எழுதினார். இறங்கும்போதும் அழுத்தினார், ஏறும்போதும் அழுத்தினார். நிப்பு தாளைக் குத்தி மை தெறித்தது. முதல் முதலாகப் பலகையைத் தொடும் பிள்ளைகூட இதைவிட நன்றாக எழுதும்.

ரைட்டருக்குப் பொறுக்கவில்லை. நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதுகிறவரின் கையா இது? அவர் பார்வை நொறுங்கிய இடது கைக்குப் போனது. அதன் நடுவிரலில், ரத்தத்துக்கும் வீக்கத்துக்கும் நடுவே, தன் விரலில் இருப்பது போலவே ஒரு காய்ப்பு.

"அட! ஐயா, இவரு இடது கைக்காரரு!"

விடுகதைக்கு விடை கண்டுபிடித்த சந்தோஷத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார். திறந்திருந்த அந்த ஒரு கண்ணும் மெல்ல மூடிக்கொண்டது.

அப்போதுதான் உறைத்தது. மனுஷன் தெரிந்தேதான் இந்தக் கையால் போட்டிருக்கிறார். இது என் கையெழுத்தே இல்லை என்று நாளைக்குக் கோர்ட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பள்ளிக்கூடமே திரண்டு வந்து சாட்சி சொல்லும். அதை நம்பித்தான் அத்தனை அடியையும் வாங்கியிருக்கிறார். கதவிடுக்கில் விரல் நொறுங்கும்போதுகூட, எழுதுகிற கையப்பா அது என்று வாய் திறக்கவில்லை.

ரைட்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

"இல்லீங்கய்யா... சும்மா தோணிச்சு, சொன்னேன்" என்று இழுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தாளை எடுத்துப் பார்த்தார். நிதானமாக நான்காகக் கிழித்தார்.

"சரி, இடது கை ஆறட்டும். அதுக்கப்புறம் போடட்டும். நமக்கென்ன அவசரம்?"

ஏட்டு வாத்தியாரை மறுபடியும் உள்ளே கூட்டிப்போக எழுப்பினார். இந்தத் தடவை, வலது கையை முறுக்கி எழுப்பினார்.