ராஸ்கோ பின்னும் சடை

டொலிடோ நகரத்து மாதாகோயிலின் கீழ்த்தளத்தில் தேங்காயெண்ணெய் மணக்கிறது. மகள்களுக்குச் சடை பின்னப் பழகும் தகப்பன்மாரின் நடுவே, இந்த வகுப்புக்கு மானியம் தரும் அறக்கட்டளையிலிருந்து பார்வையிட வந்த வினெட்டா கோட்டைக் கழற்றாமலே நிற்கிறாள். எல்லாரும் நிஜத் தகப்பன்மார்தானா, இன்றைக்கென்று பிடித்துவந்த கூட்டமா? ஓரத்து நாற்காலியில் ராஸ்கோவின் தடித்த விரல்களுக்குள் சின்னச் சடை நழுவுகிறது. கோத்த மணிகள் உதிர்ந்து தரையில் உருளுகின்றன. "மெதுவா இழு ராஸ்கோ, வலிக்குது," என்கிறாள் அவன் முழங்கால்களுக்கிடையே உட்கார்ந்திருக்கும் சிறுமி. வினெட்டாவின் புருவம் ஏறுகிறது. "பெத்த அப்பனைப் பேர் சொல்லியா கூப்பிடுது?" வகுப்பை நடத்தும் தெல்மா பதறுகிறாள். "இவ பொறந்தப்ப ஜெயிலுக்குப் போனவரு மேடம், இப்பத்தான் வந்திருக்காரு." கதையைத் தயாராகவே வைத்திருக்கிறாள் என்று படுகிறது வினெட்டாவுக்கு. தெல்மா குனிந்து, "இமானி கண்ணு, அப்பான்னு கூப்பிடும்மா, அவங்க பாக்குறாங்கல்ல," என்று கிசுகிசுக்கிறாள். சந்தேகமே இல்லை, சொல்லிக்கொடுக்கிறாள்! இமானி வினெட்டாவை ஏற இறங்கப் பார்க்கிறாள். "இந்தம்மாவுக்காகவா?" என்று முனகிவிட்டு, வேண்டாவெறுப்பாக, "அப்பா, மெதுவா," என்கிறாள். ராஸ்கோவின் கையிலிருந்து சீப்பு விழுகிறது. அவன் குனியவில்லை, பாதிச் சடையைப் பிடித்தபடி அப்படியே இருக்கிறான். குனிந்து அதை எடுத்துக் கொடுப்பது வினெட்டாதான்.